எதிரே நில்லு மாப்ள

கட்டட வேலை நடக்கிற இடங்களில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். கல் வெட்டுகிறவர். கையில் பிடிக்கும் கட்டிங் மெஷினால் கிரானைட், படிக்கல், நடைபாதைக் கல் எல்லாவற்றையும் அளவுக்கு அறுத்துக் கொடுப்பார். அந்தப் பட்டப்பெயர் கேலியாக வந்ததில்லை. கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். மேல்மாடியில் வேறு யாரோ கல் வெட்டிக்கொண்டிருப்பான். இவர் டம்ளரை வைத்துவிட்டு, "பிளேடு மொண்ணையாயிடுச்சு, மாத்தச் சொல்லு அவன" என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இன்னொரு நாள், ஓடுகிற மெஷினைச் சட்டென்று நிறுத்தி, "இந்தக் கல்லுக்குள்ள விரிசல் இருக்கு" என்றார். தண்ணீர் ஊற்றித் துடைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. கண்ணால் பார்த்துச் சொன்னால் அதில் ஒன்றுமில்லை. காதால் கேட்டுச் சொன்னாரே, அதில்தான் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

பெருமைப்படட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் அந்தப் பெருமைதான் அந்தக் காதையே தின்றது.

சத்தம் தாக்காமலிருக்கக் காதுக் கவசம் கொடுத்தார்கள். தலைக்கு மேல் வளைந்து இரண்டு காதையும் கவ்விக்கொள்ளுமே, அது. இவர் அதைக் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார். பாதுகாப்பு அதிகாரியாக ஒரு பெண் சைட்டுக்கு வருவார். எல்லாருக்கும் அவர் சேஃப்டி மேடம்.

"அண்ணே, கழுத்துக்கு ஒண்ணும் ஆகாது. காதுல மாட்டுங்க."

"மேடம், நான் காதாலதான் வெட்டறேன். காத மூடிட்டு வெட்டுன்னா, கண்ணக் கட்டிட்டு வண்டி ஓட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அது முழுசா அடைக்காதுண்ணே. சத்தத்தக் கொறைக்கும், அவ்வளவுதான். மெஷின் சத்தம் அப்பவும் கேக்கும். ரெண்டு நாள் மாட்டிப் பழகிப் பாருங்க" என்றார். மேடம் தலை மறைந்ததும் கவசம் மறுபடி கழுத்துக்கு வந்தது. பழகியிருந்தால் அந்தக் குறைந்த சத்தத்திலேயே பிளேடின் குரல் அவருக்குப் பிடிபட்டிருக்கும். கேட்டது வெறும் இரண்டு நாள். பிற்பாடு அவர் நினைத்து நினைத்து மாய்ந்துபோன விஷயங்களில் அந்த இரண்டு நாளும் ஒன்று.

காது ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. போனாலாவது ஆள் உஷாராகிவிடுவான். முதலில் மெல்லிய குரல்கள்தான் போகும். குருவிச் சத்தம், போன் மணி, குழந்தைகளின் பேச்சு, பெண்களின் பேச்சு. மெஷினின் உறுமல் மட்டும் கடைசிவரை விடாமல் கூட வரும். அதில்தான் அவர் ஏமாந்தார். மெஷின் கேட்கிறது, அப்புறம் காதுக்கு என்ன குறைச்சல்? மனைவிதான் வரவர முணுமுணுக்கிறாள், மகள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மகள் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். ஒருநாள் அவள் போனில் பேசியதற்கெல்லாம் இவர் "சரிம்மா, சரிம்மா" என்றார். கடைசியில், "அதுக்கென்னம்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று முடித்துப் போனை மனைவியிடம் நீட்டினார். மனைவி வாங்கிப் பேசிவிட்டு வந்து அவர் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீங்க தாத்தாவாகப் போறீங்கன்னு சொல்லியிருக்கா. அதப் போய் அடுத்த மாசம் பாத்துக்கலாம்னா என்னங்க அர்த்தம்?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் மனைவி அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து பேச வேண்டிய அந்த நேரத்தில் அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள், அவர் செருப்பைத் தேடிப் போனார். அன்றிலிருந்து அவள் அவருக்கு முன்னால் வந்து நின்றுதான் பேசினாள். யாராவது வீட்டுக்கு வந்து ஏதாவது கேட்டு, இவர் சம்பந்தமில்லாமல் விழித்தால், "அதானே, நானும் கேக்கணும்னு இருந்தேன்" என்று அதே கேள்வியை அவர் முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கேட்பாள். அவ்வளவு சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியம் இல்லாமலிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஏன் மறைத்தார் என்று கேட்டால், காதுக்காரருக்குக் காது கேட்கவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்துவிட்டாவது போகட்டும், மெஷினைக் கையிலிருந்து வாங்கிவிடுவார்களே என்ற பயம்தான் பெரிது. மெஷின் இல்லாமல் தான் யார் என்று அவருக்கே தெரியாது. அதனால் தலையாட்டப் பழகினார். யார் என்ன சொன்னாலும் நிதானமாக, யோசித்துச் சம்மதிப்பவரைப் போல ஒரு தலையாட்டல். பத்துக்கு ஒன்பது தடவை அது பொருந்திப் போகும். "மனுஷன் அதிகம் பேசமாட்டார், ஆனா சொன்னத அப்படியே புரிஞ்சுப்பார்" என்று மேஸ்திரிகூடச் சொன்னார்.

வெட்டுகிற வேலையில் அவருக்குத் துணை மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டிய ஆள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உண்டு, நல்ல தோள்பலம். வாய் மட்டும் நிற்காது. இவரை மாமா என்பான், இவர் அவனை மாப்ள என்பார். நீளக் கல்லைத் தனியாளாக வெட்ட முடியாது. கல்லைக் கட்டைகள்மேல் கிடத்தி இவர் வெட்டிக்கொண்டு போவார். வெட்டு முடிகிற இடம் நெருங்கும்போது கல் தொய்ந்தால், அறுத்த வாய் மூடிப் பிளேடைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் மெஷின் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒன்று முன்னால் பாயும், இல்லை பிடித்திருப்பவன்மேலேயே திரும்பும். அதனால் மைத்துனன் பக்கவாட்டில் நின்று கல்லைத் தாங்கிக்கொள்வான். கல் அசைவது முதலில் அவன் கைக்குத்தான் தெரியும். தெரிந்ததும் "எடு!" என்று ஒரு சத்தம் போடுவான். இவர் மெஷினைத் தூக்கிவிடுவார். பல வருஷமாக அந்த ஒரு வார்த்தையில்தான் இருவர் உடம்பும் பத்திரமாக இருந்தது.

அந்த வார்த்தை இவர் காதில் விழாமல் போனது முதல்முறை ஒரு நடைபாதை வேலையில். மைத்துனன் தோளில் தட்டியபிறகுதான் மெஷினைத் தூக்கினார். "என்ன மாமா, கனவா?" என்றான் அவன். "கல்லப் பாத்துட்டிருந்தேன் மாப்ள" என்றார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் கல்லைக் கட்டைமேல் கிடத்தியதும் சொன்னார்:

"இனிமே பக்கத்துல நிக்காத. எதிரே நில்லு மாப்ள."

"பிளேடுக்கு நேராவா?"

"ஆமா. வெட்டு வர்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. ரெண்டு துண்டும் சமமா நிக்கும். ஓரம் பிசிறடிக்காது."

பொய். அவன் வாய் தெரிய வேண்டும், அதுதான் விஷயம். எதிரே நின்றால் "எடு" என்று உதடு அசைவதைப் பார்த்துவிடலாம். பிளேடை மூடியிருக்கும் இரும்புக் கவசம் அவன் முகத்தை மறைத்ததால் அதையும் பின்னால் தள்ளிவிட்டார். பிளேடு பாதிக்குமேல் திறந்து கிடந்தது. நல்ல வேலைக்காரர், விஷயம் தெரிந்தவர், புதிதாக வந்தவன் இப்படி வைத்திருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பார். ஒரு வெட்கத்தை மூடுவதற்காகத் தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். சேஃப்டி மேடம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எதிர்ல ஆள் நிக்கவே கூடாதுண்ணே, கவசத்த இறக்குங்க" என்று அங்கேயே நின்று இறக்கவைத்தார். மேடத்தின் வண்டி வாசலைத் தாண்டும்வரை மைத்துனன் பக்கவாட்டில் நின்றான். தாண்டியதும் அவனாகவே எதிரே வந்துவிட்டான். ஏன் என்று காதுக்காரர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

அப்படியே ஓடியது. உதடு அசையும், இவர் தூக்குவார். முன்னைவிட நன்றாகவே நடக்கிறது என்றுகூட மெத்தனம் வந்தது.

பிறகு அந்த மாடிப்படிக் கற்கள் வந்தன. கறுப்புக் கல், ஆள் நீளம். தொட்டியில் தண்ணீர் தீர்ந்து, லாரி வரவில்லை. தண்ணீர் விடாமல் வெட்டினால் தூசி மேகமாகக் கிளம்பும், நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. லாரி வரட்டும் என்று காத்திருந்திருக்க வேண்டும். மேஸ்திரிக்கு அவசரம். மேடம் கொடுத்துவிட்டுப் போயிருந்த பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு மாஸ்க் கொடுத்து, "இதப் போட்டுட்டு முடிச்சிடுங்கப்பா" என்றார். மைத்துனன் வாங்கி மாட்டிக்கொண்டான். மூக்கும் வாயும் தாடையும் வெள்ளைக்குள் போய்விட்டன.

காதுக்காரர் மெஷினைக் கீழே வைத்தார். "மாஸ்க் எதுக்கு மாப்ள? கழட்டிடு" என்றார்.

அவன் மாஸ்க்கைக் கீழே இழுத்து, "தூசி தாங்கல மாமா. ராத்திரியெல்லாம் இருமல், பிள்ளைங்க தூங்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டான்.

இதற்கு மேல் கழற்று என்று எந்த மனிதன் சொல்வான்? எனக்குக் கேட்காது, உன் வாயைப் பார்த்துத்தான் வெட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். சொல் தொண்டைவரை வந்தது. அதுகூட வேண்டாம். கல் அசைந்தால் தலையைப் பலமாக ஆட்டு என்று சொன்னால் போதும், தலையாட்டுவதைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் ஏன் என்று அவன் கேட்பானே! வாயாடிப் பயல், கேட்காமல் விடமாட்டான். இன்றைக்கு ஒருநாள்தானே, நாளைக்குத் தண்ணீர் வந்துவிடும், மாஸ்க் போய்விடும் என்று நினைத்தார். சொல்லை விழுங்கினார். மெஷினை ஓட்டினார்.

முதல் கல் போயிற்று, அடுத்ததும் போயிற்று. மூன்றாவது கல்லில், வெட்டு அவன் பக்கம் நெருங்குகிறபோது நடுக்கட்டை தூசியில் வழுக்கியது. கல் தொய்ந்தது. அவன் இரண்டு கையாலும் எடையை வாங்கிக்கொண்டு கத்தினான். மாடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் பிரஷைக் கீழே போட்டான். மணல் சுமந்த பெண்கள் நின்றார்கள். தெருவில் டீ விற்கிறவன் திரும்பிப் பார்த்தான். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற காதுக்காரருக்கு மட்டும் கேட்கவில்லை. வெள்ளை மாஸ்க்குக்கு மேல் இரண்டு கண்கள் பெரிதாக விரிவதைப் பார்த்தார். தூசி விழுந்துவிட்டது போல என்று நினைத்தார்.

மெஷின் முன்னால் பாய்ந்தது.

மைத்துனனின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டைவிரலைத் தைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் அதற்கு எதையும் பிடிக்கிற தெம்பு திரும்பவில்லை.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டையெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்த அவரிடம் மேஸ்திரி குனிந்து என்னவோ கேட்டார். பழக்கம், வேறென்ன? நிதானமாகத் தலையாட்டினார். மேஸ்திரி ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு விலகிப் போனார். பிறகு சைட்டில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. டீ வாங்கிவந்தவன் அவருக்கு மட்டும் தள்ளி வைத்துவிட்டுப் போனான். விரல் போன ஆளுக்காக வருத்தப்படுகிறார்கள் என்றுதான் நினைத்தார். அவராகவே மெஷினை ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு, கல் அடுக்குகிற வேலைக்குப் போய்விட்டார்.

விஷயத்தைச் சொன்னது மனைவி. தம்பியின் வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்த் திரும்பியவள், கூடையைக்கூட இறக்காமல் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் கத்துனது காதுல விழுந்துச்சான்னு மேஸ்திரி கேட்டாராம். நீங்க ஆமான்னு தலையாட்டினீங்களாம்."

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டும் நிறுத்தல, கல்லு வீணாயிடும்னு விடாம வெட்டுனாருன்னு ஊரே பேசுது. என் தம்பி பொண்டாட்டி என் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கறா."

"தம்பி என்ன சொன்னான்?"

"அவன் ஒண்ணுமே சொல்லல. அந்த வாய் பேசாம கிடக்கறத என்னால பாக்க முடியலீங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். மாமாவுக்குக் காது கேக்கல, பாத்து நில்லுடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். உங்க மானத்தக் காப்பாத்தறேன்னு என் கூடப்பொறந்தவன் கையக் கொடுத்துட்டேன்."

அவருக்கு அழுகை வந்தது, அழுதார். இரக்கமில்லாதவன் என்று ஊர் பேசட்டும், அதை அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் அவனும் அப்படி நம்பிக்கொண்டு படுத்திருந்தால்? தன் கையைவிட ஒரு கல் மாமாவுக்குப் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தால்? போன விரலைக் கொண்டுவர முடியாது. அந்த நினைப்பையாவது எடுத்துவிட வேண்டும். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை எடுத்துப் போட்டால்தான் அது நடக்கும்.

உடனே போனாரா என்றால், இல்லை. அதற்கும் நாள் கடத்தினார். புண் ஆறட்டும் என்றார், கட்டுப் பிரிக்கட்டும் என்றார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அவர் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் உட்கார்ந்திருக்க முடியுமா?

மைத்துனன் இப்போது ஆணி, பெயின்ட் விற்கிற ஒரு கடையில் வேலைக்கு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமையென்பதால் வீட்டில்தான் இருந்தான். பின்கட்டில் பிள்ளையின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கழன்ற செயினை இடது கையால் மாட்டிக்கொண்டிருந்தான். வலது கை பெடலைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவன் மனைவி இவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"வாங்க மாமா" என்றான். அது உதட்டில் தெரிந்தது.

காதுக்காரர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, பாடம் ஒப்பிப்பவரைப் போலச் சொன்னார்.

"மாப்ள, நீ கத்துனது எனக்குக் கேக்கல. அன்னிக்கு மட்டும் இல்ல, ரொம்ப நாளாவே கேக்கறதில்ல. ஆஸ்பத்திரில மேஸ்திரி கேட்டதும் கேக்கல, சும்மா தலையாட்டிட்டேன். உன்ன எதிரே நிக்கச் சொன்னது கல்லுக்காக இல்ல. உன் வாயப் பாக்கறதுக்காக. மாஸ்க் போட்டப்ப சொல்லியிருக்கணும். வாய் வரல. கேட்டிருந்தா விட்டிருப்பனா மாப்ள? கல்லு என்ன கல்லு? எல்லாக் கல்லும் நாசமாப் போகட்டும்."

மைத்துனன் செயினை விட்டுவிட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சைக்கிள் சக்கரத்தைப் பார்த்து என்னவோ சொன்னான். நீளமாகச் சொன்னான். தோள் அசைவதும் கழுத்து நரம்பு ஏறி இறங்குவதும்தான் இவருக்குத் தெரிந்தன. திட்டுகிறானா, போகச் சொல்கிறானா, ஒன்றும் புரியவில்லை. அவரை அறியாமல் தலை, பழகிய தலை, நிதானமாக ஆடப்போயிற்று.

அதைப் பாதியில் நிறுத்தினார்.

"எனக்குக் கேக்கல மாப்ள. இந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தடவ சொல்லு."

வாழ்க்கையில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டபோது அது அவ்வளவு சின்ன வேலையாக இருந்தது.

மைத்துனன் எழுந்தான். கிரீஸ் அப்பிய கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, முன்பு நின்ற மாதிரியே நேர் எதிரே வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்துச் சொன்னான்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும் மாமா. எல்லாம் தெரிஞ்சுதான் எதிரே நின்னேன். மாஸ்க்கக் கீழ இழுத்துட்டுக் கத்தியிருக்கணும், ரெண்டு கையிலயும் கல்லு இருந்துச்சு."